கடைசிக் காரணி

எண்ணை இங்கே எழுத மாட்டேன்.
யாரிடமும் சொல்லாதீர் என்று
வங்கிக் கதவில் நான்கு மொழியில் ஒட்டியிருக்கிறது.
குணத்தை மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டு இலக்கம்.
பிறந்த தேதிக்கு ஆறு,
பேராக்குக்கு ஒரு சைபரும் எட்டும்,
மிச்சம் நாலு, எந்தக் குமாஸ்தாவின் கைவாக்கோ.
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்,
எடைமேடை அறையின் பழைய கால்குலேட்டரில்
இம்மி இடம் மிச்சமில்லாமல் நிறைகிறது.

இரட்டைப்படை.
ஐசியில் ஆணுக்கு ஒற்றையில் முடியும், பெண்ணுக்கு இரட்டையில்.
அப்படியானால் இந்த நாட்டில்
எந்தப் பெண்ணின் எண்ணும் பகா எண் ஆகாது.
லோரி வராத ஒரு மழை இரவில், மணி இரண்டுக்கு,
எனக்கே பட்டது இது.
என்னோடு பிறந்தவன் குணாளன், பாய்லரில் வேலை.
முதல் எட்டு இலக்கம் இருவருக்கும் ஒன்றுதான்.
"அப்ப நான் பகா எண்ணா?" என்று மீசையைத் தடவினான்.
அவன் கடைசி இலக்கத்தைப் பார்த்தேன். ஐந்து.
போடா, போய்த் தீயைப் பார்.

என்னுடையதை மூன்று மூன்றாக நறுக்கினேன்.
முதல் துண்டும் மூன்றாம் துண்டும் ஒரு தட்டில்,
இரண்டாவதும் நான்காவதும் மறு தட்டில்.
முள் அசையவில்லை.
அப்படி நின்றால்
ஏழு போகும், பதினொன்று போகும், பதிமூன்றும் போகும்.
மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று.
மொய் உறையில் ஐம்பதோடும் நூறோடும் நாம் சேர்த்து வைக்கிற
அந்த ஒற்றை வெள்ளியை
என் எண்ணுக்குள் யாரோ முன்பே வைத்துவிட்டிருக்கிறார்கள்.

இரண்டையும் ஆயிரத்தொன்றையும் எடுத்த பிறகு
ஒன்பது இலக்கத்தில் ஒன்று மீந்தது.
அது படுத்திய பாடு!
555 புத்தகத்தில், மளிகைக் கடன் எழுதிய பக்கங்களுக்குப் பின்னால்,
இருபதாயிரம் வரை பகா எண்களைச் சலித்து வைத்தேன்,
இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம்.
ஒரு லோரி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் ஒரு வகுத்தல்.
குலையோடு ஒரு நிறை, கொட்டிய பின் ஒரு நிறை,
கழித்தது கணக்குக்கு,
சீட்டின் பின்பக்கம் எனக்கு.
தீபாவளிக்கு முந்தித் தொடங்கியது.
தைப்பூசம் கழிந்தும் மீதி வந்துகொண்டே இருந்தது.
கடைசி வகுத்தலும் மீதியோடு நின்ற இரவில்
தேவசகாயத்தின் லோரி மேடையில் நின்றது.
"என்னக்கா தனியா சிரிக்கிறீங்க?"
"உடையல" என்றேன்.
அவர் இறங்கிப் போய், குனிந்து,
அச்சைப் பார்த்தார்.

போன வாரம் ஒரு போன்.
கோலாலம்பூர் போலீஸ் என்றான், மலாயில்.
என் பெயரில் ஒரு பார்சலாம், அதற்குள் ஏதோ மாத்திரையாம்.
பிறகு என் எண்ணை
இலக்கம் இலக்கமாக, ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தான்.
வயிறு கலங்கியது, பொய் சொல்வானேன்.
கேட்டேன்:
அதைப் பதினேழால் வகுத்தால் மீதி எவ்வளவு?
என்ன, என்றான்.
சரி, பதிமூன்றால்?
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
வைத்துவிட்டான்.

எண் எல்லாரிடமும்தான் இருக்கிறது.
கிளினிக்கில், இபிஎஃப் ஆபீசில்,
தவணைக்கு வாஷிங் மெஷின் கொடுத்த கடையில்.
அந்த ஒன்பது இலக்கம் மட்டும்
555 புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்.
சொல்ல ஆசைதான்.
சொன்னால் நீங்கள்
இரண்டாயிரத்திரண்டால் பெருக்கிவிடுவீர்கள்.