ரசீதுச் சுருள்

ஆகஸ்ட் பன்னிரண்டு, ஹீயுமா தீவு.
மேய்ச்சல் நிலத்தில் முக்காலியை ஊன்றினேன்.
மூன்றாவது கால் சாணத்தில் இறங்கியது.
இருக்கட்டும், அதுவும் ஒரு பிடிமானம்.

வடக்கே கோடை இன்னும் முழுதாய் அணையவில்லை.
லென்ஸின் கழுத்தில் ஒரு கம்பளிக் காலுறை,
அதற்குள் சூடு தரும் பொட்டலம்,
கடற்பனி கண்ணாடியில் படியாமலிருக்க.
ஜோடி எங்கே என்று கேட்டாள் லெய்டா.
இடது காலில், என்றேன்.
வலது கால் விறைத்துக்கொண்டிருந்தது.

அவள் பேக்கரிக்காரி.
கல்லாவிலிருந்து கழற்றிய ரசீதுச் சுருளை
மார்பின்மேல் வைத்து மல்லாந்திருக்கிறாள்.
ஒன்று விழுந்தால் ஒரு கோடு.
பெரியது என்றால் குறுக்கே இன்னொன்று.
சந்தேகத்துக்குப் புள்ளி.
குனிந்து பார்ப்பதேயில்லை,
பார்த்தால் அடுத்தது போய்விடும்.
பென்சில் இருட்டில் தடவித் தடவி
தானே வழி கண்டுபிடிக்கிறது.

என் கேமரா இருபது நொடி விழித்திருக்கும்,
ஒரு நொடி இமை மூடும்,
மறுபடி விழிக்கும்.
அந்தச் சத்தத்துக்கு முதலில் தலை தூக்கிய பசுக்கள்
அப்புறம் சட்டை செய்யவில்லை.

"அதோ!"
நான் திரும்புவதற்குள் வானம்
ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும்.
கேமரா வடகிழக்கில் காத்திருக்க
அது தெற்கே, ஜூனிப்பர் புதர்களுக்கு மேல் போயிருக்கும்.
நான் ஒரு ஜன்னலை மட்டும்
வாடகைக்கு எடுத்தவன்.
அவளுக்கு வீடு முழுக்க.

மணல் பருக்கை அளவுதானாம்,
ஏதோ ஒரு வால்நட்சத்திரம் உதிர்த்துப் போனது.
"விழுகிறது என்கிறாய் கவுப்போ,
நாம்தான் போய் இடிக்கிறோம்.
மாவு சலித்த அறைக்குள் நடந்தால்
முகத்தில் ஒட்டுமே, அப்படி."

முந்தாநாள் லௌரிட்ஸ் நாள்.
அன்று நெருப்பு மூட்டினால்
வீடு பற்றும் என்பார்கள் பழைய ஆட்கள்.
பதினெட்டு வருடமாக அன்றும் அடுப்பு மூட்டுகிறாள்.
அவர்களும் பயந்துகொண்டே வந்து
சூடாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து
வாங்கிப் போகிறார்கள்.

இரண்டே முக்காலுக்கு எழுந்தாள்.
புளித்த மாவு காத்திருக்காது.
சுருளை என் கையில் திணித்தாள்:
"மிச்சத்தை நீ எண்ணு."
வேனைக் கிளப்பினாள்.
முகப்பு விளக்கு நிலம் முழுவதற்கும்
சுண்ணாம்பு அடித்தது.
ஐயோ, விளக்கு! என்று வாயெடுத்தேன்,

அப்போது வந்தது.
பச்சையாய்த் தொடங்கி,
கடலுக்கு மேல் ஒரு முறை பொரிந்து.
போன பின்னும் அதன் தடம் மட்டும்
காற்றுக்கு வளைந்துகொடுத்து நின்றது,
நான் ஏழு எண்ணும்வரை.

தூரத்தில் வேன் நின்றுவிட்டது.
பிரேக் விளக்கு சிவந்தது.
ஹாரன், ஒரே ஒரு தடவை.
பிறகு போய்விட்டாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு படம்.
அதில் விமானம் ஒன்பது,
செயற்கைக்கோள் எண்ணி மாளவில்லை,
எரிநட்சத்திரம் ஏழு.
ஐந்நூற்று எண்பத்தெட்டாவதில்
வெளிறிய வானம், வெள்ளைப் புல்,
நான்கு பசுக்களின் எட்டுக் கண்களும் பளீரென்று,
மூலையில் நகக்கீறல்போல் அது.
டார்டு பத்திரிகைப் போட்டிக்கு இதை அனுப்பினால் சிரிப்பார்கள்.
அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தேன்,
எடுத்தேன்.

விடிந்ததும் கடைக்குப் போனேன்.
முழங்கைவரை மாவோடு லெய்டா.
"எத்தனை?"
ஒன்று, என்றேன்.
"அதை நானும் பார்த்தேன். அது கணக்கில் சேராது."

சுருளை வாங்கிப் பிரித்தாள்.
கோட்டின்மேல் கோடு, கோட்டின்மேல் கோடு,
தொண்ணூறா நூற்றிருபதா,
யாராலும் சொல்ல முடியாது.
தோளைக் குலுக்கி, இறுக்கிச் சுற்றி
மறுபடி கல்லாவில் மாட்டினாள்.

முதல் ஆள் ஆலிடே.
கருப்பு ரொட்டி இரண்டு, ஏலக்காய் பன் ஒன்று.
பென்சில் கோடுகளுக்கு மேலேயே
விலையை அச்சடித்துத் தள்ளியது இயந்திரம்.
ஆலிடே அதை நாலாய் மடித்தாள்,
பார்க்காமலே,
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
சைக்கிளை எடுத்தாள்.