வெள்ளிக்கிழமைப் பெட்டி

வெள்ளிதோறும் இரவு எட்டரைக்கு
தக்குவாரெம்போ பேருந்தின் வயிற்றிலிருந்து
எங்கள் வாரச் சாப்பாடு இறங்கும்.
தெர்மோகோல் பெட்டி.
மூடியில் கிராசியானாவின் பெயர்,
அவள் அப்பா தார்தோவின் கோணல் எழுத்தில்.
உள்ளே, ஈரச் செய்தித்தாளுக்குள்
ஆறு கிலோ மாட்டிறைச்சி.
கையெழுத்துப் போட்டு வாங்குபவள் அவள்.
தின்பவர்கள் நானும் வாஷிங்டனும்.
(வாஷிங்டன் எங்கள் நாட்டில் ஆளின் பெயர்.
ஏன் என்று கேட்காதீர்கள்.)

தலைக்கு மூன்றரை மாடு இருக்கிற தேசம் இது.
அவள் கால்நடை மருத்துவம், இரண்டாம் ஆண்டு.
மார்ச்சில் ஒரு மாலை
ரப்பர் காலணியைக் கழற்றாமலே வந்து நின்று
இனி நான் செடிகொடிதான் என்றாள்.
காரணம் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
கேட்டு, புரிந்து தொலைத்துவிட்டால்
பெட்டி என்னாவது?

முதல் மூன்று மாதம்
வெள்ளை ரொட்டி, உருளை வறுவல்,
தக்காளி விழுது தடவிய நூடுல்ஸ்,
விடிய விடிய கசப்பாய் மாத்தே.
எல்லாம் தாவரம்தானே, என்பாள்.
எல்லாம் தாவரம்தான்.
ஜூனில் கழுவுதொட்டியில் முடி அடைத்தது.
நாலாவது மாடி ஏறும் வழியில்
மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்தவள்
அப்படியே தூங்கிப்போனாள்.
பையிலிருந்து மாட்டின் எலும்புப் படம் நழுவி
படிக்கட்டில் விரிந்து கிடந்தது.

ரத்தப் பரிசோதனைத் தாளை
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.
இரும்புக்கு நேரே கீழ்நோக்கி ஓர் அம்பு.
"மாட்டை விட்டேன், சரி.
கூடவே சாப்பாட்டையும் விட்டிருக்கேன் பாரு"
என்று அவளே சிரித்தாள்.

அப்புறம்தான் அந்த வீட்டுக்கு மணம் வந்தது.
ஞாயிற்றுச் சந்தை கலையும் நேரம் பார்த்துப் போவாள்;
வாடத் தொடங்கிய கீரைக் கட்டு,
அடிபட்ட பரங்கி, பெயர் தெரியாத பயறு
எல்லாம் பாதி விலைக்கு.
கொதிக்கும் பயற்றில் கடைசியாய் எலுமிச்சை:
புளிப்பு போனால்தான் இரும்பு உடம்பில் ஒட்டுமாம்.
பி-பன்னிரண்டுக்கு மாத்திரை;
அதை எந்தச் செடியும் தராது என்று
தன் கட்சிக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னாள்.
செவ்வாய்களில் ஃபைனா:
கடலைமாவும் எண்ணெயும் மிளகுமாய்
தகரத் தட்டில் வேகும் அடை.
அதன் மொறுமொறு விளிம்புக்கு
நாங்கள் சண்டை போட்டோம்.
வெட்கமில்லாமல். ஈரல் தின்ற வாயோடு.

ஆம், ஈரல்.
மகளுக்கு ரத்தம் குறைவென்று யாரோ சொல்லி
தார்தோ ஈரல் அனுப்பத் தொடங்கியிருந்தார்.
ஆகஸ்டில் அவளுக்குத் தேர்வு;
பெட்டி வாங்க நான் போனேன்.
நிலையத்திலேயே அலைபேசி அடித்தது.
"பிள்ளை ஈரல் சாப்பிட்டாளா?"
தட்டை வழித்துச் சாப்பிட்டாள் என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.
பிறகு அவர்:
"ஆறு வயசிலேயே
ஈரல் வாசம் வந்தால்
எழுந்து வெளியே போய்விடுவாள், தம்பி."

அடுத்த வெள்ளி பெட்டி இல்லை.
ஒரு சாக்கு.
இரண்டு பரங்கிக்காய்,
உரிக்காத சோளக்கதிர்,
உப்புப் பையில் கட்டிய கறுப்பு பீன்ஸ்.
வாஷிங்டன் கைவிட்டு அடிவரை துழாவினான்.
ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது:
"பையன்களுக்கு ஒன்றுமில்லை."

அவன் கோபமாய் முக்குக் கடைக்குப் போனான்.
அவள் காகிதத்தை நான்காய் மடித்து
அந்த அம்புத் தாளின் பின்னால் செருகிவிட்டு
படிக்கப் போனாள்; கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம்.
நான் பீன்ஸை ஊறப்போட்டேன்.
எவ்வளவு போடுவது, எவ்வளவு தண்ணீர்,
யாரைக் கேட்பது?
இருந்ததை எல்லாம் கொட்டினேன்.

காலையில் அது
தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு
மூடியைத் தூக்கிக்கொண்டு
பாத்திரத்துக்கு வெளியே நின்றது.