பக்கம் புரட்டுபவள்

லூபெக்கில் நவம்பர். தேவாலயத்து ஹீட்டர்
பாதிதான் வேலை செய்கிறது.
நிகழ்ச்சித்தாளில் மூவருக்கும் தலைக்கு ஆறு வரி:
பிறந்த ஊர், படித்த கல்லூரி, வாங்கிய பரிசு.
எனக்கு வரி கிடையாது.
பியானோவின் இடப்பக்கம் உட்கார்ந்து
பக்கம் புரட்டுகிறேன்.

நுட்சா, ருஸ்தாவிக்காரி.
மின்சாரம் போன மாலைகளில் பழகிய விரல்கள்.
கடினமான இடம் வந்தால்
இன்றும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

வயலின் ஔரேல். அப்பா க்ளூஜில் லிஃப்ட் மெக்கானிக்.
"நடுவில் நின்றுபோனால் கத்தாதே, மூச்சு விடு" என்பாராம்.
நேற்று ஒத்திகையில், வேகம் பற்றிய சண்டையில்,
கதவை அறைந்துவிட்டுப் போனவனும் அவனே.
அரைமணி கழித்து
நான்கு பேருக்கு ரொட்டியோடு வந்தான்.

செல்லோ ரூனா. வார்டோவின் மீன் ஆலையில்
இரண்டு கோடை கத்தி பிடித்து வாங்கிய வில்.
கட்டைவிரலில் தழும்பு.
தாளில் "நார்வேயில் பிறந்தவர்" என்றிருக்கிறது.

இரண்டாம் பகுதி, மெதுவானது.
குளிரில் விறைத்த என் விரலுக்கு
இரண்டு தாள் சேர்ந்தே புரண்டன.

நுட்சாவின் கண் மூடித்தான் இருந்தது.
ரூனா பார்த்துவிட்டாள்;
அவள் வில் ஒரு மயிரிழை தயங்கி
எனக்கு இடம் விட்டது.
ஔரேல் மூச்சு விட்டான்,
எனக்குக் கேட்கும்படி.

பிரித்தேன். திருப்பி வைத்தேன்.
நுட்சா கண் திறந்தபோது
சரியான பக்கம் அவளுக்காகக் காத்திருந்தது.

கைதட்டலுக்கு மூவரும் குனிந்தார்கள்.
நான் தாள்களை அடுக்கினேன்.
ஒட்டிய அந்த மூலையில்
என் எச்சில் இன்னும் காயவில்லை.