குறுக்கு விசாரணையில் ஒரு வினைச்சொல்

"ஒடுங்கி நின்னேங்க" என்றாள் தவமணி.
ஜாலான் டூத்தா நீதிமன்றம், நான்காம் மாடி, ஏர்கான் குளிர்.
ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு
மூன்று விநாடி தருவார்கள்.

ஃபிளிஞ்ச் என்றால் ஒரு கணம்,
ஊசி குத்தும்போது தோள் செய்வது.
ரீகாயில், சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைப்பது.
குவெயில் காடைக்கும் பெயர்,
சௌக்கிட் சந்தையில் அதன் முட்டை பத்து மூன்று வெள்ளி.
கிரிஞ்ச் என்று என் மகன் சொல்வது
என் வாட்சப் காலை வணக்கங்களைப் பார்த்து.
அவள் சொன்னது இவை எதுவும் இல்லை.
அவள் நின்றது செகாம்புட் கிடங்கில்,
கையுறைப் பெட்டிகளுக்குப் பின்னால்,
மேற்பார்வையாளன் இரும்புக் குழாயை ஓங்கியபோது.
அடி வாங்கியவன் நேப்பாளப் பையன்.
அவன் பெயரைக் காலையிலிருந்து
நான்கு விதமாக உச்சரித்துவிட்டோம்.

"ஐ கௌவர்ட்" என்றேன்.
மொழிபெயர்ப்பாளர் 'அவள்' என்று சொல்லக் கூடாது,
விதி அது. ஆகவே
ஒடுங்கியது நான்.
தட்டச்சுப் பெண் அதைத் தலையணைக்குப் போடும் கவர்
என்று நினைத்து அடித்துவிட்டாள். திருத்தினோம்.
நீதிபதியின் குறிப்பில் ஒரே சொல்: தாக்குட்.
மலாயில் பயம்.
அதன் முன்பாதி மட்டும்
எனக்குத் தமிழில் கேட்டது.

வக்கீல் ரஸ்லான் எழுந்தார்.
ஒடுங்கிக் கிடந்தவருக்கு
முகம் எப்படித் தெரிந்ததாம்?
குரல் ஏறியதில்
என் கால் அரை அடி பின்னே போனது.
அது எதிலும் பதிவாகவில்லை.
கேள்வியைத் தமிழில் சொன்னேன்,
சத்தத்தைக் குறைத்து. அதுவும் விதிமீறல்தான்.

அவள் என்னைப் பார்த்தாள், வக்கீலை அல்ல.
"ஒடம்புதாங்க ஒடுங்குச்சு.
கண்ண நான் மூடல."

எதிர்ச்சொற்களைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.
துணிதல், நிமிர்தல், எதிர்த்து நிற்றல்.
எல்லாமே நெஞ்சு அகன்ற,
பூட்ஸ் போட்ட சொற்கள்.
பெட்டிகளின் இடுக்கில்
மடங்கிய முழங்காலுக்கு மேலே
திறந்தே இருந்த இரண்டு கண்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

"ஐ டிட் நாட் குளோஸ் மை ஐஸ்."
ஆங்கிலத்தில் நானும் கண்ணும் ஒரே ஓசை.
இத்தனை வருடத்தில் இன்றுதான் கவனித்தேன்.

நடைவழியில், லிஃப்ட் வரும்வரை, கேட்டாள்:
"நாளைக்கும் வரணுங்களா? சம்பளம் புடிப்பான்."
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்,
என்னுடைய நானில்.