ஒரு கிளிப்பின் எடை

ஜனவரியில் எல்லா டிராம்களிலும்
ஓட்டுநர் முகத்துக்கு நேரே ஒரு கேமரா வைத்தார்கள்.
கண்ணயர்ந்தால் கூவும்.
வார்த்தா ஆற்றுப் பாலத்தின் மேல், காலை ஏழு மணிக்கு,
மூன்று கோப்பைக் காப்பியோடு
கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.
கூவியது.
முன்வரிசையில் ஒருத்தி
பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பணிமனையில் வீட்டோல்ட் சொன்னான்:
"அதற்கு உன் பைகள்தான் தெரிகின்றன, போகுமிவா.
கண் மூடியிருப்பதாய் நினைக்கிறது."
இருபது வருஷமாய்க் கவனித்திருக்கிறான்.
சொல்ல ஒரு கருவி வரவேண்டியிருந்தது.

பிப்ரவரியில் எனக்கு விழுந்த விடுமுறைகளை
வெள்ளைக் கோட்டுகளுக்குக் கொடுத்தேன்.

முதலில் கோர்னெல். இளம் மருத்துவர், பளிச்சிடும் பல்.
பையைத் தொடமாட்டாராம்,
அடியிலுள்ள பள்ளத்தை நிரப்புவாராம்.
பள்ளம் போனால் மேடு எங்கே என்று கேட்டார்.
(போஸ்னான் நகராட்சியும் சாலைகளைப் பற்றி
இப்படித்தான் பேசும்.)
ஊசி, கால் மணி நேரம், ஒரு வருஷம் நிற்கும்.
சிலருக்குத் தோலடியில் நீலம் பாரிக்கும்,
பாரித்தால் கரைக்க இன்னொரு ஊசி.
ஆயிரத்து எண்ணூறு ஸ்வோட்டி.
கரைக்க எவ்வளவு என்றேன்.
பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

அடுத்த இடத்தில் மருத்துவரே இல்லை.
ஒரு இயந்திரமும்
அதை நேசிக்கிற ஒரு பெண்ணும்.
ரேடியோ அலைச் சூடு தோலை இறுக்குமாம்,
ஆறு தடவை வரவேண்டுமாம்.
"உள்ளே இருக்கும் கொழுப்பு போகுமா?"
"தோல் சந்தோஷப்படும், மேடம்."

இதற்கிடையில் உப்பை விட்டேன்.
ஊறவைத்த வெள்ளரி போயிற்று, ஹெர்ரிங் மீன் போயிற்று,
ஞாயிற்றுக்கிழமைக்கென்று இருந்த ருசியே போயிற்று.
ஃப்ரீசரில் இரண்டு கரண்டி.
மருந்துக் கடையில் காஃபீன் களிம்பு:
காலை பத்து வரை நான் அழகி,
பத்தரைக்குப் பழைய குருடி.

மூன்றாவது யாத்விகா. அறுபதைத் தாண்டியவள்.
கட்டைவிரலால் அழுத்தி, மேலே பார் என்றாள், கீழே பார் என்றாள்.
கீழிமையை உட்புறம் கீறி எடுப்பாள்,
தழும்பு வெளியே தெரியாது.
இரண்டு வாரம் வண்டி ஓட்டக் கூடாது.
ஒன்பதாயிரம்.
"எவ்வளவு இருக்கும், எடுப்பது?"
மேசையில் கிடந்த காகித கிளிப் ஒன்றை
என் உள்ளங்கையில் வைத்தாள்.
"இரண்டு கண்ணும் சேர்த்து."

விவாகரத்து அன்று நீதிபதி
எனக்கு மட்டும் தண்ணீர் வரவழைத்தார்.
சாவு வீடுகளில், எனக்கு அவ்வளவாகத் தெரியாதவர்களின் சாவிலும்,
முன்வரிசையில் இடம் விட்டார்கள்.
ராத்திரி சரியில்லையோ, ராத்திரி சரியில்லையோ என்று
எத்தனை காலைகள்.
ஒரு கிளிப்.

அவள் கண்ணுக்குக் கீழே
என்னுடையதைவிடப் பெரிதாய்த் தொங்கின.
கேட்டேவிட்டேன்.
"எனக்கு நானே செய்துகொள்ள முடியாது," என்றாள்.
"மற்றவர்கள் கை எப்படி என்று எனக்குத் தெரியும்."

அந்தப் பதிலுக்காகவே ஐநூறு முன்பணம் கட்டினேன்.
ஏப்ரல் பதினொன்று.
ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தேன்,
தோளில் தொங்கும் பைக்குள்.

மார்ச்சில் கேமரா கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான்.
இருக்கையில் உட்காரச் சொன்னான்.
நேரே பாருங்கள். சிமிட்டுங்கள். மூடுங்கள். திறங்கள்.
நான்கு நிமிஷம். செலவில்லை.
"இனி அது உங்களைப் புரிந்துகொள்ளும்," என்றான்.
கூவல் நின்றது.
யாத்விகாவுக்குப் போன் செய்து
முன்பணம் திரும்புமா என்று கேட்கலாமென
மூன்று நாளாய் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று கடைசி வண்டி. ஆளில்லை.
தண்டவாளத்தில் பொடிப் பனி.
பாலத்தின் மேல்
நிஜமாகவே சொக்கிவிட்டேன்,
ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, தெரியவில்லை.
கண் திறந்தபோது
நிறுத்தம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.
பிரேக்கை இழுத்தேன்.
கேமரா சத்தமே போடாமல்
பார்த்துக்கொண்டிருந்தது,
ரொம்ப நாள் பழகியவர்கள் பார்ப்பதுபோல.