கழிவு

ஆயிரம் பீடிக்கு நாற்பது கட்டு,
கட்டுக்கு இருபத்தைந்து.
இலையை ஊறப்போட்டு வெட்டி
தூள் வைத்துச் சுருட்டி முனை மடக்கி
நூல் சுற்றிச் சுளவில் அடுக்கி
முக்கூடல் கடைக்குக் கொண்டுபோனால்
செக்கர் தளவாய்
கட்டைப் பிரிக்கும் முன் ஆளைப் பார்ப்பான்.

'இலை ஈரமா இருக்கே' என்பான்.
ஈரம் பார்க்கிற கை
சுளவுக்கு அடியில் வரும்.
சுளவைப் பிடித்திருக்கும் என் கைமேல் நிற்கும்,
அங்கேயே நிற்காது.
எனக்கு இரண்டு கையிலும் சுளவு.
தட்டிவிட்டால் கொட்டுவது என் ஒரு நாள்.

ஒருதரம் கொட்டினேன்.
அன்றைக்கு ஒன்பது கட்டுக் கழிவு.
பாஸ் புத்தகத்தில் அவனே எழுதினான்,
ஒன்பதின் வாலை நிதானமாக இழுத்து.

பிறகு நான் போகவில்லை.
அடுத்த வளவு சுடலியிடம்
'போறவழிக்கு என் சுளவையும் கொண்டுபோயேன், மக்ளே' என்றேன்.
ஏன் வரலை என்று கேட்டாள்.
முழங்கால் வலி என்றேன்.
அவளுக்குப் பத்தொன்பது வயது.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம்
நனைந்த பாவாடையோடு வந்து
இரண்டு புத்தகத்தையும் நீட்டினாள்.
'யத்தே, உனக்கும் எனக்கும் ஒரே இலை, ஒரே தூள்.
உனக்கு ரெண்டு கழிவு, எனக்குப் பதினொண்ணு.
போன வாரம் எனக்குக் கழிவே இல்ல.
போன வாரம் நான் சும்மா நின்னேன்.'

அன்று ராத்திரி கரண்ட் இல்லை.
செய்யதலி பாத்திமா வீட்டு எமர்ஜென்சி லைட்டில்
பதினான்கு புத்தகம் விரித்தோம்.
கழிவு கூடின தேதியைப் பாத்திமா வாசிக்க
அந்தத் தேதிக்கு உரியவள்
அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள்.
சிலர் சொல்லவில்லை, 'ஆமா' என்றார்கள்.
ஞானதீபத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
'என் கைதான் மோசம்னு நெனச்சேன் ளா.
மூணு மாசமா வீட்டுல ஏச்சு வாங்குதேன்.'
சொர்ணத்தாய் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.
அவள் மகளுக்குத் தையில் கல்யாணம்.
யாரும் தடுக்கவில்லை.
பதின்மூன்று.

திருநெல்வேலியிலிருந்து மேனேஜர் காரில் வந்தார்.
டீ வந்தது, அவருக்கு.
'கையைப் பிடிச்சதுக்குச் சாட்சி இருக்காம்மா?'
கட்டு அடுக்குகிற மாதிரி
பாத்திமா புத்தகங்களை மேசையில் அடுக்கினாள்.
'எழுத்து அவரு எழுத்து. தேதியும் அவரு போட்டது.
சார் கணக்குப் படிச்சவங்கதான, பாருங்க.'

தளவாய் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
சுடலி ஒரு கட்டைப் பிரித்து
அவன் முன்னால் பரப்பினாள்.
'இதுல எது கழிவுன்னு காட்டுங்க.'

இருபத்தைந்தையும் பார்த்தான்.
கை நடுங்கியது என்று எழுத ஆசைதான்.
நடுங்கவில்லை.
ஒன்றையும் எடுக்கவுமில்லை.

வாரக் கடைசியில் கடைச் சுவரில் தாள் ஒட்டினார்கள்:
தளவாய், ஆலங்குளம் கடைக்கு மாற்றம்.
ரெண்டு பேர் கைதட்டினார்கள்.
பாத்திமா தாளைத் திரும்பவும் படித்தாள்.
'அங்க சுத்துதது யாரு, ஆம்பளையளா?'

ஆலங்குளத்தில் எனக்கு ஒரு ஆளையும் தெரியாது.
திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நின்றேன்,
மஞ்சப்பையில் பதின்மூன்று புத்தகத்தின் செராக்ஸோடு.
சுடலி வந்து பக்கத்தில் நின்றாள்.
'முழங்கால் எப்படி இருக்கு யத்தே?'

'அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.'

வெகுநேரம் ரோட்டையே பார்த்தாள்.
பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி
ரெண்டு டிக்கெட் எடுத்தாள்.
காற்றாடிகள் தெரிகிற வரைக்கும்
ஒரு வார்த்தை பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.