மெயின் சுவிட்ச்

குடியை விட்டுப் பதினொரு மாதம்.
கணையத்து நரம்புக்கு
யாரும் இதைச் சொல்லவில்லை.

அதிகாலை மூன்று மணிக்கு அது
தொப்புளுக்கு மேலே தொடங்கி
முதுகு வழியாக வெளியே வருகிறது,
பிராம்டன் வீடுகளில் நான் சுவர் துளைப்பதுபோல,
அளவாக, அவசரமில்லாமல்.

கீழ்த்தளத்து ட்ரையரின் மேல்
கவிழ்ந்து கிடந்தால் கொஞ்சம் தணியும்.
அதற்கென்றே ஒரு தலையணை வைத்திருக்கிறேன்.
நிமிர்ந்தால் திரும்பவும்.
ஒருவருக்கும் குனியாத மனிசன் என்று
என்னைப் பற்றி ஒரு காலத்தில் பேச்சு.

ஊசிக்கு முதல்நாள்
டாக்டர் கோவாச் படம் கீறிக் காட்டினார்.
இருபத்திரண்டு வருடம், தினமும் கால் போத்தல்,
சனிக்கிழமைகள் கணக்கில் இல்லை.
சுரப்பி சுருங்கி, உள்ளே கல் விழுந்துவிட்டது.
நரம்புகள் மட்டும் தடித்திருக்கின்றன,
புதிதாய்க் கிளைத்தும் இருக்கின்றன என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது:
என்னிடம் விருத்தியான ஒரே சாமான்!
"அவற்றின் உறை சேதமாகியிருக்கிறது" என்றபோதுதான்
சிரிப்பு நின்றது.

உறை கிழிந்த வயரை எனக்குத் தெரியும்.
எலி கடித்திருக்கும், ஆணி ஏறியிருக்கும்,
சுவருக்குள் சத்தமில்லாமல்
பொறி பறந்துகொண்டே இருக்கும்.
வீட்டுக்காரர் ஓடிப்போய் விளக்கை அணைப்பார்.
விளக்கை இல்லை ஐயா, மெயினை இறக்குங்கோ என்பேன்.

என் மெயின் எங்கே என்று
டாக்டருக்கும் தெரியவில்லை.
முதுகில் போட்ட ஊசி ஏழு கிழமை தாங்கியது.
அந்த ஏழு கிழமையும் சோறு ருசித்தது,
ஏணியில் நின்று சீட்டியடித்தேன்.
பிறகு அது வேறு வழி பிடித்து
வந்து சேர்ந்துவிட்டது.

இன்றைக்கும் சுகிர்தா படியிறங்கி வருகிறாள்.
"ஊதுங்கோ."
ஊதுகிறேன்.
சோப்புத்தூள் பெட்டிக்குள், ஹீட்டருக்குப் பின்னால்,
பழைய சப்பாத்துக்குள் கைவிட்டுப் பார்க்கிறாள்.
எனக்கே மறந்துபோன இடங்கள்
அவளுக்கு இன்னும் மனப்பாடம்.
ஒன்றுமில்லை.
குடிக்காத மனிசனுக்கு ஏன் இப்படி நோகுது என்று
கேட்காமல் நிற்கிறாள்.
எலியுமில்லை, ஆணியுமில்லை,
கிழித்தது நான்தான் என்று சொல்ல
வாயெடுக்கிறேன். மூச்சு வரவில்லை.

கூடையில் மடித்து வைத்திருந்த,
நேற்றே உலர்ந்த துணிகளை அள்ளி
ட்ரையருக்குள் திணிக்கிறாள்.
கதவைச் சாத்தி, குமிழைத் திருகுகிறாள்.
என் வயிற்றுக்குக் கீழே தகரம் அதிர்கிறது,
மெல்லச் சுடத் தொடங்குகிறது.

"முக்கால் மணித்தியாலம் ஓடும்" என்கிறாள்,
படியில் உட்கார்ந்தபடி,
என்னைப் பார்க்காமல்.